மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு

என்னை எல்லோரும் முன்கோபக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உப்புக்காற்றில் காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகு, "மேல ஒரு காப்பெற் விரிப்பைப் போட்டு மறைச்சு விடுங்கோ" என்று வருகிறவனுக்கு நான் மாலை போட்டா வரவேற்க வேண்டும்? எங்கள் தீவில், புளியங்கூடலில் கார்களுக்கு சீற்றும் விரிப்பும் அடிக்கிறவன் நான் ஒருவன்தான். துருவை மூடி ஒருநாளும் ஒட்டினதில்லை. அதுதான் என் பெருமை.

ஒரு கார் மட்டும் என் கொட்டிலுக்கு வரவே கூடாது என்று நினைத்திருந்தேன். அதுவும் போன மாதம் வந்து சேர்ந்தது. சறோஜினிதேவி அக்கா வீட்டுப் பழைய ஒஸ்ரின். அவருடைய மகன் நிமலன் லண்டனிலிருந்து வந்து, அதைக் கட்டி இழுப்பித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மார்க்கண்டண்ணை, மகளின்ர கலியாணத்துக்கு பொம்பிளையும் மாப்பிள்ளையும் இதிலதான் போகவேணும். பழசை எல்லாம் கிளப்பிப்போட்டு புதுசா நுரை மெத்தையும் காப்பெற்றும் போட்டுத் தாங்கோ."

"வேற ஆளைப் பாரும்," என்றேன்.

குசினி அடுப்படியிலிருந்து என் மனுசி ஜெயந்தா எட்டிப் பார்த்தாள். "கார் என்ன செய்தது? செய்து குடுங்கோ."

அந்த வீட்டைப் பற்றி முப்பத்திரண்டு வருடங்களாக அவள் வாய் திறந்ததில்லை. நான் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்றில் சண்டையால் தீவிலிருந்து இடம்பெயர்ந்து, இரண்டு குடும்பமும் மானிப்பாயில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தோம். சறோஜினிதேவி அக்காவின் மகள் வயதுக்கு வந்து சாமத்தியச் சடங்கு வைத்தபோது, பலகாரம் சுட ஜெயந்தாவைக் கூப்பிட்டார்கள். நாலு நாள் போய் வந்தாள். சடங்கு முடிந்து அலுமாரியைத் திறந்தால் அக்காவின் கூறைச்சேலையைக் காணவில்லை. தாலியோடு கட்டின கூறை. அது தொலைந்தால் எந்தப் பொம்பிளைக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். அவர் மை பார்க்கிற ஒருவரிடம் போனார். அந்த மனிசன் வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்து, "வீட்டுக்குள்ள வந்துபோற பொம்பிளை" என்று சொல்லிவிட்டான். நாசமாய்ப் போனவன். கிணற்றடியில் இதைச் சொன்ன அக்கா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள்.

நான் நேரே வீட்டுக்குப் போய் ஜெயந்தாவின் தகரப்பெட்டியை அவள் கண் முன்னாலேயே கவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொரு சேலையாக உதறினேன். அவள் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதில்லை.

ஒஸ்ரினின் முன் சீற்றுகளைக் கழற்றி வெளியே வைத்தேன். காப்பெற்றைக் கிளப்பியதும் கீழே சாக்கு மெத்தை தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கைவேலைதான். மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. என்னைத் தவிர வேறு ஒருவனும் அப்படித் தைக்கமாட்டான். பொருளாதாரத் தடைக்காலத்தில் நுரைக்கும் பஞ்சுக்கும் எங்கே போவது? அந்தச் சடங்குக்காகக் காரைச் சரிபண்ணச் சொல்லி, அக்காவின் புருசன் தியாகலிங்கம் அண்ணைதான் அலுமாரிக்குள்ளிருந்து கிழிந்த வேட்டிகளை அள்ளி வந்து தந்தார். மடித்த மடிப்பிலேயே சாக்குக்குள் வைத்துத் தைத்தேன். ஒரு வேட்டி மடிப்பு நல்ல மொத்தமாக, தடிப்பாக இருந்தது. சாரதியின் காலடிக்கு இதுதான் தோது என்று அதை அங்கே வைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

சாரதி பக்கத்துத் தையலைப் பிரித்தேன். வேட்டி பொத்துப்போயிருந்தது. உள்ளே குங்குமச் சிவப்பு தெரிந்தது.

முதலில் விளங்கவில்லை. விரலால் இழுத்தேன். கறுத்த சரிகைக் கரை வந்தது. எங்கள் ஊரில் பட்டுச்சேலையை வெறுமனே வைக்கமாட்டார்கள். சரிகை கறுக்காமல் இருக்கப் பழைய வேட்டியில் சுற்றித்தான் வைப்பார்கள். இதெல்லாம் தெரிந்த நான், அந்த வேட்டியை விரித்துப் பார்க்காமலே தைத்திருக்கிறேன்.

காரின் அடித்தகட்டில் அப்படியே இருந்துவிட்டேன். தியாகலிங்கம் அண்ணை வேட்டி தந்ததை வீட்டில் சொல்லியிருக்கமாட்டார், அவர் செத்தும் எட்டு வருடம். அவரையும் மை பார்த்தவனையும் திட்டிப் பார்த்தேன். முடிச்சு என்னவோ என்னுடையதுதான்.

பசைத் தகரம் திறந்தபடி பக்கத்தில் இருந்தது. புது நுரை அளவாக வெட்டி முடித்திருந்தேன். மேலே விரித்து ஒட்டினால் ஒரு குருவிக்கும் தெரியாது. உங்களிடம் ஒளிப்பானேன், மூடிவிடலாம் என்றே நினைத்தேன். நுரையைக் கையில் தூக்கியும் விட்டேன். பிறகு கொட்டில் வாசலால் எங்கள் அறை தெரிந்தது. பூட்டில்லாத பெட்டியும் தெரிந்தது.

சேலையைக் கொண்டுபோய் ஜெயந்தாவின் முன்னால் வைத்தேன். "நான்தான் தைச்சுப் போட்டன்," என்றேன். அவள் சேலையைத் தொடவில்லை. "கொண்டுபோய்க் குடுங்கோ. அவவின்ர சாமான்," என்றாள்.

கொண்டுபோனேன். சறோஜினிதேவி அக்கா கூறையைப் பார்த்ததும் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டார். பின்னேரம், முழங்கால் வருத்தத்தோடு நிமலனின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் படலையடிக்கு வந்தார்.

"பிள்ளை, நான் பாவி. உம்மட முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமக் கிடக்கு," என்று அழுதார்.

ஜெயந்தா அவரைப் பிடித்து உள்ளே இருத்தினாள். "அழாதேங்கோ அக்கா. அது எப்பவோ முடிஞ்ச கதை," என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார் அக்கா. வருவதாகச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "அவவை மன்னிச்சிட்டாய் என்ன?" என்று கேட்டேன்.

"ஓம். அவ அயலட்டைதானே. நாலு நாள் வீட்டுக்கு வந்துபோன என்னை அவவுக்கு என்ன தெரியும்?" தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினவள் குசினி வாசலில் நின்றாள். குரலில் கோபமே இல்லை. "இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு அந்தச் சேலை அம்பிடாட்டி, என்னை நம்பியிருப்பியளோ?"

எதற்கெடுத்தாலும் பாய்கிற வாய் என்னுடையது. அன்றைக்குத் திறக்கவில்லை. அவள் கோப்பை கழுவப் போனாள்.