மூக்குக்காரியின் மோட்டார்

மோட்டார் நாலு நாளாக மக்கர் பண்ணியது. அதுவும் சாதாரண மக்கர் இல்லை. கரையில் நின்று கயிற்றை இழுத்தால் சமர்த்தாகக் கிளம்பும். படகு கொஞ்ச தூரம் போனதும் இருமி, முக்கி, நின்றுவிடும். அப்புறம் தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி இழுத்தாலும் உம்மென்று கிடக்கும், ஒரு தடவை கிளம்பினாலும் மறுபடி நின்றுவிடும். மூக்குக்காரியின் கொழுந்தன் துடுப்புப் போட்டே திரும்பி வருவான். வரும்போதே வாயில் நல்ல வார்த்தை இருக்காது.

அவனையும் குறை சொல்ல முடியாது. பெரிய டீசல் படகில் வேலை பார்க்கிறவன், இத்தனை வாரம் சும்மா கிடந்த அண்ணன் படகை ஓட்ட லீவு போட்டுவிட்டு வந்து இந்தச் சின்ன மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறான். மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்துபோய் மெக்கானிக்கிடம் கொடுத்தான். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், தன் பெட்ரோல் டேங்க்கில் குழாயை மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டார். மோட்டார் பாட்டுப் பாடாத குறை. படகில் கொண்டுவந்து மாட்டினால் பழைய கதைதான்.

நாலாம் நாள் மெக்கானிக் கை விரித்துவிட்டார். "அக்கா, மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. வேற எங்கயோ இருக்கு. அண்ணனக் கேட்டாத்தான்..." என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் படுக்கையில் கிடந்தார். ஏழு வாரத்துக்கு முன்னால் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை போதாதா நம் ஆட்களுக்கு? பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, என்னமோ பீரோவைப் பற்றிப் பேசுவதுபோல அவரைப் பற்றிப் பேசினார்கள். முந்தாநாள் மூக்குக்காரியும் அவர் எதிரிலேயே, "அவருக்கு எங்க தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. மனுஷன் உள்ளே இருக்கிறாரா இல்லையா? மோட்டார் கவலை எல்லாம் அவளுக்கு அப்புறம்தான். இந்தக் கேள்விதான் அவளைச் சாப்பிடவிடாமல் அடித்தது.

மூக்குக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்ததே அவர்தான். கல்யாணமான முதல் வாரம். டேங்க்கைப் படகில் விட்டுவைத்தால் விடிவதற்குள் எவனாவது பெட்ரோலைத் திருடிவிடுவான் என்று அவர் தினமும் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து படுக்கிற அறை மூலையில் வைப்பார். நாற்றம் அவள் தலையைப் பிளந்தது. "இந்த நாத்தத்தோட என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டாள். "சரியான மூக்குக்காரிதான்" என்று சிரித்தார். தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நாற்றம் தெரியவில்லை. தன் மூக்கு செத்துப்போய்விட்டது என்று அவளே கேலியாகச் சொல்லித் திரிந்தாள், இருபத்திரண்டு வருஷமாக.

"நான் போய் அவரக் கேக்குறேன்" என்றாள் இப்போது.

"வேணாம் அண்ணி. அவர்கிட்டப் போய்..."

"வாய மூடு தம்பி. அவரோட மோட்டார், அவரத்தான் கேக்கணும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். "கிளம்புதுங்க. கொஞ்ச தூரம் போய் நின்னுடுது. டேங்க்குலருந்து மோட்டாருக்குப் போற குழாய்ல இருக்கிற ரப்பர் உருண்டை சப்பிப் போயிடுதாம். மூடியத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாத்துட்டு இழுத்தா மறுபடி கிளம்புதாம். திரும்பவும் நின்னுடுதாம்."

அவர் இடது கை போர்வையிலிருந்து எழும்பியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காற்றில் எதையோ திருகின.

தண்ணீர் கேட்கிறார் என்று பாட்டிலைத் திறந்து நீட்டினாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடி திருகினார். ஃபேனைக் கூட்டி வைத்தாள். அப்போது அவருடைய இடது புருவம் ஏறியது. ஒரு கயிற்றைக் கேட்டு அவள் வேறு கயிற்றை எடுத்துக் கொடுத்தால் ஏறுமே, அதே புருவம். எரிச்சல். சுத்தமான, பழைய எரிச்சல். மூக்குக்காரி சட்டென்று எழுந்தாள். அவர் திருகுவது டேங்க் மூடியைத்தான்.

"தம்பி, டேங்க்க எடுத்துட்டு வா."

டேங்க்கைக் கட்டிலில், அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். விரல்கள் தடவித் தடவி மூடியின் உச்சிக்குப் போயின. அங்கே மொச்சை அளவுக்கு ஒரு திருகு இருந்தது. மூடிக்கு அது ஏதோ கொண்டை என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை திருகு அசைந்தது. உஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

"காத்து போகாம அடைச்சிருக்கு" என்றான் கொழுந்தன், தலையில் கை வைத்துக்கொண்டு. "பெட்ரோல் எப்படி இறங்கும்? எங்க பெரிய படகுல இந்த மாதிரி திருகே இல்ல அண்ணி. நாலு நாளா மோட்டாரையே திட்டிட்டு இருந்தேன்."

அதற்குள் அறை முழுக்கப் பெட்ரோல் நாற்றம் பரவியது. அந்த முதல் வார நாற்றம்.

அவர் இடது கை மெதுவாக எழுந்தது. ஒரு விரலால் தன் மூக்கைத் தொட்டார். அப்புறம் அவளைக் காட்டினார்.

அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்றம் வெளியே வராமல் இருக்கத் தினமும் சாயங்காலம் அந்தத் திருகை மூடியிருக்கிறார். தினமும் விடியும்போது படகில் திறந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம், அவள் தலைவலிக்காக, ஒரு வார்த்தை சொல்லாமல். விழுந்த அன்றைக்கும் மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்காரி அழுதாள். ஏழு வாரமாக வராத அழுகை. துக்கத்தில் இல்லை. மனுஷன் உள்ளேதான் இருக்கிறார், முழுசாக இருக்கிறார்.

மறுநாள் காலையில் கொழுந்தன் தண்ணீர் நடுவிலிருந்து போன் பண்ணினான். அவள் போனை அவர் காதில் வைத்தாள். மோட்டார் நிற்காமல் ஓடுகிற சத்தம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தவன் நேராகக் கட்டிலுக்கு வந்து நின்றான். "அண்ணே, நங்கூரக் கயிறு நைஞ்சு கிடக்கு. பழைய கனத்துலயே வாங்கட்டுமா, கொஞ்சம் தடிமனா வாங்கட்டுமா?" அண்ணன் விரல்களைக் கொஞ்சம் அகட்டிக் காட்டினார். "சரிண்ணே" என்றான் அவன்.

சாயங்காலம் டேங்க் வீட்டுக்கு வந்தது. நாற்றம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூக்குக்காரி திருகில் கை வைத்தாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, டேங்க்கைத் தூக்கி அவர் இடது கைப் பக்கம் வைத்தாள்.

"என் மூக்கு இன்னும் சாகலங்க" என்றாள். "நீங்களே மூடுங்க."

விரல் வழுக்கி வழுக்கி, மூடி முடிக்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. தலை விண்விண் என்று தெறித்தது அவளுக்கு. கையை மட்டும் நீட்டவில்லை, பக்கத்திலேயே நின்றாள்.