படைக்கு எதிரான கம்பெனி

வதந்திகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. நாளிதழ் அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மூலை, ஒரு கணினி, கால் ஆடும் ஒரு நாற்காலி. யார் எதைப் புளுகினாலும் அது மெய்யா பொய்யா என்று மறுநாள் நான் எழுதியாக வேண்டும். எழுதினால் மட்டும் நம்பிவிடுகிறார்களா? "இதுக்கு எவ்வளவு வாங்கின?" என்று கேட்பார்கள். போங்கடா என்று விட்டுவிட்டு அடுத்த புளுகை எடுப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது. இந்த வேலைக்குப் பொறுமை தேவையும் இல்லை, பிடிவாதம் போதும்.

அப்படிப்பட்ட எனக்கு என் தம்பியின் கல்யாணத்துக்கே உலை வைக்கும் வதந்தி ஒன்று வந்து சேர்ந்தது.

தம்பி ஒரு சோப்பு கம்பெனியில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். தங்கமான பையன், வாய்தான் கிடையாது. அவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய், மண்டபம்வரை பேசியாகிவிட்டது. பெண் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பட்டாளத்தார். ஒருநாள் காலையில், பல்கூடத் துலக்கியிருக்க மாட்டேன், அவரிடமிருந்து ஃபோன்.

"உங்க தம்பி வேலை பாக்குற கம்பெனி பட்டாளத்துக்கே எதிரியாமே. தெரியுமா உங்களுக்கு?"

"யாருங்க சொன்னது?"

"அந்த முதலாளியே சொல்லியிருக்கான். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. அவன்கிட்டச் சம்பளம் வாங்குற பையனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

படத்தைத் திறந்தேன். கம்பெனியின் மூத்த முதலாளி, இப்போது உயிரோடு இல்லை, கோட்டு போட்டுக்கொண்டு விரலை நீட்டியபடி நிற்கிறார். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'படையை வேரோடு ஒழிப்போம்!' என்று இருக்கிறது. அதன் கீழே எவனோ ஒட்டுப்போட்டிருந்தான்: 'நம் வீரர்களை ஒழிக்கத் துடிக்கும் துரோகி. இவன் பொருளைத் தொடாதே. ரோஷம் இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு.'

தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அது வேற படைக்கா."

"வேற எந்தப் படை?"

"அதான்... உடம்புல வருமே. வட்டவட்டமா. அரிக்குமே."

சொறி, சிரங்கு, படை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சோப்பு போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி களிம்பு போட்டுத்தான் பிழைத்ததாம். அந்தக் காலத்து விளம்பரத்தின் தலையை மட்டும் எவனோ கத்தரித்து எடுத்திருக்கிறான்.

"இதை அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேடா?"

"காலையில எனக்கும் ஃபோன் பண்ணினார். வாயெடுத்தேன்க்கா. மாமனார் ஆகப்போறவர்கிட்டத் தொடையிடுக்கு அது இதுன்னு எப்படிப் பேசுறது? கூச்சமாப் போச்சு. 'மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

"மன்னிப்பு கேட்டியா? நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சேடா மடையா!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சினான். "அவ இல்லாம என்னால முடியாதுக்கா" என்றான். அவ்வளவு நீளமாக அவன் மனசைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. "சரி, அழாதே. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

முதலில் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரியைப் பிடித்தேன். மூன்று பேரைத் தாண்டித்தான் ஆள் லைனுக்கு வந்தார்.

"அது தோல் வியாதிக்கான விளம்பரம்னு ஒரு வரி அறிக்கை விடுங்க சார், முடிஞ்சு போயிடும்."

"மேடம், நாங்க இப்ப அழகு சாதன நிறுவனம். எங்க விளம்பரத்துல வர்றவங்களைப் பாத்திருப்பீங்க, ரோஜாப்பூ மாதிரி இருப்பாங்க. எங்க பேரும் சொறியும் ஒரே வாக்கியத்துல வரக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அறிக்கை தயாரா இருக்கு, நாங்களே பாத்துக்கிறோம்."

நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே அறிக்கை வந்தது: 'எங்கள் நிறுவனம் படைக்கு எதிராக ஒருநாளும் செயல்பட்டதில்லை.'

அவ்வளவுதான், கெட்டது குடி. அந்தக் களிம்பு இன்றும் மருந்துக் கடைகளில் விற்கிறது. பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை, 'அந்தப் பச்சை டப்பா' என்று கடைக்காரர் காதில் கிசுகிசுத்து வாங்கிப் போவார்கள். அவர்களுக்கெல்லாம் அறிக்கை வேறு மாதிரிப் புரிந்துவிட்டது. 'படைக்கு எதிராகச் செயல்படாதாம், கம்பெனிக்காரனே ஒப்புக்கொண்டான்! இத்தனை வருஷம் எதைத் தடவினோம்?' என்று இரண்டாவது வதந்தி கிளம்பியது. கடைகளில் பாதி காலியான டப்பாக்களைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

அதிகாரி பதறிப்போய் இரண்டாவது அறிக்கை விட்டார்: 'படைக்கு என்றென்றும் துணை நிற்போம். படை மேலும் மேலும் பெருக வாழ்த்துகிறோம்.'

அதைப் படித்துவிட்டு நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று பக்கத்து இருக்கைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை. எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் பழைய இதழ்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். முழு விளம்பரம் எங்கள் நாளிதழிலேயே அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. மேலே அதே முதலாளி, அதே விரல். அந்த விரலுக்குக் கீழே ஓர் ஆள் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு சொறிகிறான். 'தொடையிடுக்கிலா? அக்குளிலா? எங்கே ஒளிந்தாலும் விடமாட்டோம்!' அடியில் களிம்பு டப்பா. நகல் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டாளத்தார் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் அவர், அவர் மனைவி, பெண், மூவரும் இருந்தார்கள். அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் என்று எழுத ஆசைதான். உண்மையில் மனிதர் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கால் மேல் கால் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். நகலை நீட்டினேன். பெண் அவர் தோளுக்குப் பின்னால் நின்று சேர்ந்து படித்தாள். அவள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டாளத்தார் டப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அரிப்பு மருந்தாச்சே" என்றார் மெல்ல.

"அரிப்புக்குத்தாங்க. அதுக்குப் பேரு படை."

"எங்க பட்டாளத்துல அதை அப்படிச் சொல்ல விட மாட்டோம். படைன்னா நாங்க. அது வெறும் அரிப்பு. ஒருத்தன் டாக்டர்கிட்டப் போய் 'படை தொந்தரவு பண்ணுது'ன்னு சொல்லித் தண்டனை வாங்கியிருக்கான்." பிறகு குரல் இன்னும் இறங்கியது. "மழையில, ஈர பூட்ஸோட வாரக்கணக்கா நிப்போம். எதிரியைக்கூடச் சமாளிச்சோம், இதைச் சமாளிக்க முடியல. மாசாமாசம் இந்த டப்பா வந்து இறங்கும். இவங்க இல்லன்னா நாங்க துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டுச் சொறிஞ்சுக்கிட்டுதான் நின்னிருப்போம்."

"இப்ப மட்டும் என்ன பண்றீங்களாம்?" என்றார் அவர் மனைவி. "வீட்ல இருந்த சோப்பு, பவுடர், எண்ணெய், அந்த டப்பா, அத்தனையும் குப்பையில போட்டுட்டாருங்க. 'நாட்டுக்காகப் பொறுத்துக்குவேன்'ன்னார். ராத்திரியெல்லாம் கட்டில் ஆடுது."

"அடியே!" என்று அதட்டினார். அதட்டலில் பலமில்லை. என் பக்கம் திரும்பி, "சரிங்க. தப்பு என்மேலதான். கல்யாணம் நடக்கட்டும். இதை இதோட விட்டுடுவோம்" என்றார்.

நான் மூச்சு விட்டு எழுந்திருக்கப் போனேன். பெண் நகரவில்லை.

"விட முடியாதுப்பா. உங்க பட்டாளத்துக் குரூப்ல இதை அனுப்பினீங்கல்ல? 'என் பொண்ணுக்குப் பேசின பையனும் அங்கதான் இருக்கான், துரத்திட்டேன்'னு வேற எழுதினீங்கல்ல?"

"ஆமா..."

"அவங்க எல்லாரும் கல்யாணத்துக்கு வருவாங்க. வந்து அவரைத் துரோகி மாதிரிப் பாப்பாங்க. அது எனக்கு வேண்டாம். தப்புன்னு அதே குரூப்ல எழுதுங்க."

"எழுதுனா, எந்தப் படைன்னு கேப்பானுங்கம்மா. உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பானுங்க. என் மானம் என்ன ஆகும்?"

"அவர் மானம்ப்பா?"

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் தம்பிக்காகப் பேச எனக்கு அடுத்து ஒருத்தி இருக்கிறாள்!

பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனை எடுத்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். ஒரு இடத்தில் நிறுத்தி, என்னிடம் "இடுக்குக்கு நடுவுல 'க்' உண்டா?" என்று கேட்டார். சொன்னேன். முடித்துவிட்டு உரக்கப் படித்துக் காட்டினார்: "நண்பர்களே, நான் அனுப்பிய செய்தி பொய். அந்தப் படை நாம் அல்ல. தொடையிடுக்கில் வருவது. எனக்கும் உண்டு. அந்தக் கம்பெனி மருந்துதான் என்னைக் காப்பாற்றியது. அந்தப் பையனை அவமதித்தது நான் செய்த பிழை." கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வெளிறியது. பிறகு ஃபோன் டொங்கென்றது. மறுபடி டொங். அப்புறம் நிற்கவே இல்லை. பெண் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"'அப்பாடா! நானும் தூக்கிப் போட்டேன், தாங்க முடியல.' 'எனக்கு ரெண்டு தொடையிலும்.' 'பெண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல, உன்கிட்டச் சொல்றேன்.' 'கடை எப்ப திறப்பான்?' இது யாருப்பா, உங்க பழைய மேஜரா? 'மூணு நாளா நின்னுக்கிட்டே சாப்பிடுறேன். உத்தரவு: அனைவரும் தடவலாம்.'"

பட்டாளத்தார் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் நீர் வந்தது, மனைவி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கியதும் என் ஃபோனைக் கேட்டு வாங்கினார். தம்பியின் எண்ணை நான்தான் போட்டுக் கொடுத்தேன். மணி ஒருமுறை அடிப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். "அக்கா, என்னாச்சு? முடியாதுன்னுட்டாரா?" என்று அவன் நடுங்குவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பட்டாளத்தார் நாற்காலியை விட்டு எழுந்து நேராக நின்றுகொண்டார்.

"அக்கா இல்ல, மாப்பிள்ளே. மாமா பேசுறேன்" என்றார்.