ஊறிக்கொண்ட கண்டன்சர்

திண்டிவனத்தில் போட்டோக் கடை வைத்திருந்த மாசிலாமணி எவன் சொல்வதையும் நம்பமாட்டார். டப்பாவின்மேல் அச்சடித்த எழுத்தை அதைவிட நம்பமாட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கையில் கரண்டை வாங்கி வாங்கியே தொழில் கற்றவர். அவருடைய பிளாஷ்கூடக் கடையில் வாங்கியதல்ல. கார் பேட்டரி, பழைய டிரான்ஸ்பார்மர், ஒரு கண்ணாடிக் குழல், கரண்டைப் பிடித்து வைத்து ஒரே மூச்சில் விடுவதற்கு ஒரு கண்டன்சர் என்று அவரே கட்டியது. இரண்டாயிரம் வோல்ட். எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் ஈரம் இறங்கி அந்தக் கண்டன்சர் செத்துப்போனது. மறுநாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக்கண்ணு என்று ஒருவன், உடைத்த வயர்லெஸ், பழைய சினிமா மெஷின் சாமான்களை வாங்கி விற்பவன். அவன் கட்டைவிரல் தண்டிக்குப் புதுச் சரக்கை எடுத்துப் போட்டான்.

"ஒண்ணொண்ணும் நானூத்தம்பது வோல்ட்டுண்ணே. ஆறு எடுத்து வரிசையாக் கட்டுங்க. ஒவ்வொண்ணு குறுக்கயும் ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா பாரம் சமமாப் பிரியும். பேஜாரே இல்ல."

"நானூத்தம்பதுன்னு அவன் அச்சடிச்சானா, நீ அச்சடிச்சியா?"

"நான் அச்சடிச்சா ஆயிரம்னு இல்ல போட்டிருப்பேன்."

மாசிலாமணி சிரிக்கவில்லை. அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. கண்டன்சருக்குக் கரண்டு ஏற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடுவார். பிடித்து வைத்திருந்தால் 'டப்'பென்று வெடிக்கும். ஒழுகிப் போயிருந்தால் சத்தமே வராது. புதுசுகளில் ஒன்று பூச்சி கடித்தமாதிரி 'சிக்' என்றது. மற்றது அதுவும் இல்லை.

அப்போதுதான் அடித்தட்டில் செங்கல் பருமனில் ஒரு தகர டப்பா கண்ணில் பட்டது. எண்ணெய்க் கண்டன்சர். மேலே இரண்டு பீங்கான் கொம்பு; கொம்புக்குக் கொம்பு செம்புக்கம்பி இறுக்கிக் கட்டியிருந்தது.

"அது வேணாண்ணே."

"ஏன், வேற எவனுக்காச்சும் எடுத்து வெச்சிக்கினு இருக்கியா?"

"கரண்ட்ட எறக்கி வெச்சாலும் கெணத்துல தண்ணி ஊறுறமாதிரி மறுபடி ஊறிக்கிது. அதான் கம்பி கட்டியே போட்டுக்கிறேன்."

"எண்ணெய்க் கண்டன்சர் கொஞ்சம் ஊறத்தான் செய்யும்."

"கொஞ்சம்னா நான் ஏன் சொல்றேன்?"

நல்ல சரக்கைப் பதுக்குகிறவன் பேசுகிற பேச்சு இது என்று மாசிலாமணி முடிவு கட்டினார். கம்பியை அவிழ்த்து, கரண்டு ஏற்றி, டீ குடித்துவிட்டு வந்து தொட்டார். கடையே அதிர்ந்தது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றும் ஏற்றாமலே மறுபடி தொட்டார். மறுபடியும் அதே வெடி. இப்படிப் பிடித்து வைக்கிற சரக்கு எங்கே கிடைக்கும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பெருமுக்கல் பக்கத்திலிருந்து தொம்மை என்று ஒரு ஆள் வந்தான். அவன் அக்கா புருஷன் சூசைமுத்து ராத்திரி தவறிவிட்டார். நாலு மணிக்கு அடக்கம். ஆளை உட்கார வைத்து ஒரு போட்டோ வேண்டும். மாசிலாமணி மொபெட்டில் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்.

வெளியே மழை. அதனால் உள்ளறையிலேயே நாற்காலி போட்டு, புது வேட்டி சட்டையோடு, கையில் ஜெபமாலை சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தது. பின்னால் தொங்கவிட்ட வேட்டிக்கு அந்தப்பக்கம் நின்று தொம்மை பிடரியைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் பெண்சாதி செபஸ்தியம்மாள்.

"இருவத்திரெண்டு வருசத்துல ஒரு போட்டோ எடுத்ததில்லிங்க. இது ஒண்ணுதான் எனக்கு மிஞ்சப்போவுது. பாத்து எடுங்க."

மாசிலாமணியின் முறை இது: கதவைச் சாத்தி இருட்டாக்குவது, கண்டன்சருக்குக் கரண்டு ஏற்றிவிட்டுப் பேட்டரி வயரைக் கழற்றிவிடுவது, காமிராவின் கண்ணைத் திறந்து வைப்பது, பிளாஷை ஒருமுறை வெட்டவிட்டுக் கண்ணை மூடுவது. அப்படியே செய்தார். வெளிச்சம் வெட்டியது. மூடப்போனால் ஈரத்தில் பொத்தான் சிக்கிக்கொண்டது. அதைத் தடவிக்கொண்டிருந்தபோது பிளாஷ் தானாக இன்னொருமுறை வெட்டியது.

பேட்டரி வயர் அவர் தோளில் கிடந்தது. ஊறினாலும் ஐந்தாறு எண்ணுவதற்குள் குழலை எரிக்கிற அளவு ஊறாது. அது அவருக்கே தெரியும்.

கடைக்கு வந்து நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது மணி இரண்டு. காமிராவின் கண் மூடாமல் இருந்ததில், ஒரே படத்தில் இருவரும் இரண்டிரண்டாக விழுந்திருந்தார்கள். செபஸ்தியம்மாள் ஒருமுறை நேராக, ஒருமுறை புருஷனைப் பார்த்தபடி. சூசைமுத்துவும் இரண்டு, அருகருகே. ஒரு முகம் நேராக, கண் மூடி. இன்னொரு முகம் பெண்சாதி பக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்து, கண் திறந்து.

தொம்மை பிடியை விட்டிருப்பான், தலை சரிந்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் செத்த தலை கீழேதான் சரியும், நிமிராது. நாலு மணிக்கு மண் போட்டுவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவனைப் புதைத்துவிட்டால்? சட்டைப்பையில் முகம் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மழையில் மொபெட்டை விரட்டினார்.

சவப்பெட்டி வாசலில் இருந்தது. மூடி போடப்போகிற நேரம்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றான் தொம்மை.

"போட்டோல முகம் தெளிவா வுழல. ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

குனிந்து மூக்கருகே கண்ணாடியைப் பிடித்தார். நூறு எண்ணினார். ஆவி படியவில்லை. தாடை விறைத்துக் கல்லாக இருந்தது. செத்தவர் செத்தவர்தான்.

தொம்மையைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "தலைய எப்ப வுட்ட?"

"மொத வெளிச்சத்துலயே வுட்டுட்டேங்க. எடுத்தாச்சின்னு நெனச்சேன்."

"சாஞ்சிச்சா?"

"இல்லீங்க. நான் புடிக்காமயே நின்னுக்கினு இருந்துச்சி. சரி, நல்லதாப் போச்சின்னு நீங்க இன்னொண்ணு எடுத்தீங்க."

மாசிலாமணி மொபெட்டைத் திருப்பினார். கடைக்கு வந்து கண்டன்சரை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. பிறகு எத்தனை தரம் ஏற்றியும் அது கரண்டு பிடிக்கவில்லை.

படம் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் எட்டாம் நாள் செபஸ்தியம்மாளே கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கிற பாடாக இல்லை. அவர் மேஜையிலிருந்து படத்தை எடுத்து, "ரெண்டா வுழுந்திடுச்சிம்மா. மிஷின் கோளாறு" என்று நீட்டினார்.

அவள் வாசல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை. தன்னைப் பார்த்துத் திரும்பியிருந்த முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இவருதாங்க. இப்படித்தான் பாப்பாரு." விரல் நகர்ந்து மற்ற முகத்துக்கு வந்தது. "இங்க கண்ண மூடிக்கினு குந்தினு இருக்கிறது யாருங்க? எங்க வூட்டு ஆளு இல்லியே."

 அவள் அந்தக் கண்மூடிய முகம் பின்னால் போகும்படி படத்தை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.