ஒட்னியின் நீல மாத்திரை

...தூக்கம் வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும், யாருடைய மாத்திரையில் வருகிறது என்று நர்ஸ் ஹால்கெய்ர் கேட்கப்போவதில்லை, அவனுக்கே தெரியாதே, அதுதானே இந்த மருந்துச் சோதனையின் விதி, எல்லோருக்கும் காலையில் மனச்சோர்வுக்கான வெள்ளை மாத்திரை, படுக்கும்போது ஒரு நீல மாத்திரை, அந்த நீலத்தில் பாதிப் பேருக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு, கொடுக்கிறவனுக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது... தூரித் நனைந்த மழைக்கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். நார்வேயின் பெர்கன் நகரில் மழை இன்றும் விடவில்லை. இதே சோதனையில் இருக்கும் தோழி ஒட்னி உள்ளே போய் நேரமாகிறது. சொல்லிவிடுவாளோ? மாட்டாள், கேட்டதே அவள்தான், போன முறை வந்தபோது எதிர்க்கடையில், பூ வடிவ வாஃபிள் அப்பத்தின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைக்கும்போது கை நடுங்கி, சீஸ் தட்டுக்கு வெளியே விழுந்து, "உனக்கு அசல் விழுந்திருக்குடி, மூஞ்சியே சொல்லுது. எனக்கு மாவு" என்றாள், "மாவுன்னா ஜாம் தடவிச் சாப்பிடேன்" என்றாள் இவள், ஒட்னி சிரிக்கவில்லை, தூங்காத கண் சிவந்திருந்தது, "நீ மட்டும் தூங்கினா போதுமா?" ... ஐந்து இதழ் வாஃபிளில் மிஞ்சுகிற ஒன்றையும் கத்தியால் இரண்டாக்கிப் பங்கு போடும் ஊர் இது, இங்கே ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவு என்றால் எப்படி, மேஜைக்கு அடியில் நீல மாத்திரை டப்பாக்கள் கை மாறின.

அன்றிலிருந்து ஒட்னி தூங்குகிறாள். கை நடுங்குவதில்லை, பஸ்ஸில் பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். சரி, இனி விழித்துக் கிடப்பது நம் முறை என்று தூரித் காத்திருந்தாள், பழைய கனம் நெஞ்சில் வந்து உட்காரும் என்று... வரவில்லை. அதே தூக்கம். அப்படியானால் இரண்டும் மருந்தா? இரண்டும் மாவா? மாவென்றால் ஒட்னி எதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், என் முகத்தையா? உண்மையைச் சொன்னால் இருவரையும் சோதனையிலிருந்து விலக்கி, எது எதுவென்று பார்த்து, அவளிடமும் சொல்லிவிடுவார்கள், மாவென்று தெரிந்த பிறகு அவள் தூங்குவாளா... சொல்லாவிட்டால் இந்தப் பொய்யை நம்பி யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒருத்திக்குத் தப்பான மருந்தை எழுதி... அந்த யாரோவுக்கு முகமில்லை. ஒட்னிக்கு இருக்கிறது.

கதவு திறந்தது. ஒட்னி கண்ணடித்துவிட்டு, "வெளிய நிக்கிறேன், சீக்கிரம் வாடி, பசிக்குது" என்று கடந்து போனாள்.

"வாங்க தூரித், உக்காருங்க. தூக்கம் எப்படி?" வருது. "சாப்பாடு?" இறங்குது. "பயம், பதற்றம்?" இல்லை என்ற வழக்கமான பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது... இருக்கிறதே, ஒட்னி இந்த அறையில் இருந்த நேரமெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டதே, மகன் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோதுகூட ஒன்றும் தோன்றாமல் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தவள்தானே நான், இன்னொருத்திக்காகப் பயப்பட எப்போது ஆரம்பித்தேன், இதை இவன் எதில் சேர்ப்பான், நோயிலா, குணமானதிலா...

"இருக்கு," என்றாள்.

ஹால்கெய்ர் நிமிர்ந்தான். "எதை நினைச்சு?"

ஜன்னலுக்கு வெளியே, குடையில்லாமல், ஒட்னி மழையில் நின்றுகொண்டிருந்தாள்.