பதினான்காம் பத்தி

மாநாட்டின் முதல் நாளே எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது.

எங்கள் மேசைகளில் நாட்டின் பெயர் எழுதிய பலகை ஒன்று படுத்தவாக்கில் கிடக்கும். பேச வேண்டுமென்றால் அதைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இது தெரியாமல், நோட்டு வைக்க இடம் போதவில்லையே என்று பலகையை நிறுத்தி ஓரமாக வைத்தேன். மறுநொடி மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனில், "நீங்கள் பேசலாம்" என்றது மொழிபெயர்ப்பாளரின் குரல். அறுபது நாட்டு இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நன்றி, ஒன்றுமில்லை" என்றேன்.

மொழிபெயர்ப்பு போய்ச் சேர மூன்று நொடி ஆனது. பிறகு சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தவர்களெல்லாம் அவரவர் மொழியில் 'நன்றி, ஒன்றுமில்லை' என்று கையசைத்தார்கள்.

"மேடம், இன்னும் ரெண்டு நாளைக்கு அந்தப் பலகையைத் தொடாதீங்க. நாட்டு மானம் கப்பலேறிடும்" என்றான் வக்கீல்.

அவன் சட்டக் கல்லூரி மாணவன். இன்னும் பட்டம் வாங்கவில்லை என்றாலும் பேச்சில் எப்போதோ வக்கீலாகிவிட்டான். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு பேர்: படிக்கிறவர் ஒருவர், வேலை பார்க்கிறவர் ஒருவர். நான் இரண்டாவது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுவது என் வேலை.

நான் வந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. 'வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இளைஞர்களுக்குத் தேர்வு நாளன்று சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும்.' இளைஞர் கொள்கை அறிக்கையின் பதினான்காம் பத்தி. நாங்கள் எழுதி அனுப்பியது. திரையில் அது சதுர அடைப்புக்குறிகளுக்குள் நின்றது. ஒரு நாடாவது மறுத்தால் அப்படித்தான் அடைத்துவைப்பார்கள். கடைசி நாள் பேசும்போதும் அடைப்பு கழலாவிட்டால் வரியையே அழித்துவிடுவார்கள்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என் தங்கை இருந்தாள். எங்கள் பிரிவில்தான் விரிப்புகளை மடிக்கிறாள். மாலையில் லேப் டெக்னீஷியன் படிப்பு. போன வருஷம் கடைசிப் பரீட்சைக்கு, "அக்கா, அன்னிக்கு மட்டும் என்னைப் பட்டியல்லேர்ந்து தூக்கிடேன்" என்று கேட்டாள். அன்று ஏற்கெனவே இரண்டு பேர் லீவு. "முடிஞ்சா பார்க்கிறேன்டி" என்றேன். பிறகு அவள் பெயரை என் கையாலேயே பட்டியலில் எழுதினேன்.

அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்கவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அது நேர்மையே இல்லை, சூப்பர்வைசர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம், அந்தப் பயத்துக்குத்தான் நேர்மை என்று நல்ல புடவை கட்டிவிட்டிருக்கிறேன் என்று எனக்கே புரியப் பல மாதம் பிடித்தது.

மூன்றாம் நாள் காலை, சுற்றுச்சூழல் பத்திக்கு ஆதரவு தேடி வக்கீல் வெளியே போனான். "பதினாலாவது பத்தி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். நான் வந்து பேசிக்கிறேன். நீங்க சும்மா உட்கார்ந்திருங்க, போதும்."

அவன் போன கையோடு பன்னிரண்டும் பதின்மூன்றும் மறுப்பே இல்லாமல் ஓடிவிட்டன. திரையில் என் வாக்கியம் வந்து நின்றது. சபையை நடத்திய நெட்டைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இதில் உடன்பாடு வரவில்லை. நீக்கிவிடலாமா?"

கதவைப் பார்த்தேன். வக்கீல் இல்லை. அவன் எழுதிவைத்த பேச்சும் அவன் பையோடு போயிருந்தது. பலகையை நிறுத்தினேன். அவசரத்தில் படாரென்று விழுந்தது. மறுபடி நிறுத்திக் கையாலேயே பிடித்துக்கொண்டேன்.

நெட்டைப் பெண் புன்னகைத்தாள். "இந்த முறை ஏதாவது உண்டா?"

"உண்டு" என்றேன்.

இரண்டு நிமிடம். திரையில் நொடிகள் இறங்க ஆரம்பித்தன.

"நான் ஷிப்ட் பட்டியல் போடுறவ. போன வருஷம் என் தங்கச்சிக்குப் பரீட்சை நாள்ல வேலை போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். நான் கெட்டவ இல்ல. அவளுக்கு லீவு கொடுன்னு எங்கேயும் எழுதியிருக்கல, அதனால எனக்குத் தைரியம் வரல. எழுதியிருந்தா அந்தத் தாளைக் காட்டிட்டுப் பேசியிருப்பேன்."

முகங்கள் ஒரே நேரத்தில் மாறவில்லை. ஒவ்வொரு மொழியாக மாறின. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் பயம் போய் ஏதோ பறக்கத் தொடங்கியது.

முன்வரிசையில் ஒரு பலகை நிமிர்ந்தது. எங்கள் வரியை மறுத்து அடைப்புக்குள் தள்ளிய நாட்டின் சுருட்டைமுடிக்காரன். "எங்கள் நாட்டில் மூன்றே பேர் வேலை பார்க்கும் கடைகள் அதிகம். ஒருவர் வராவிட்டால் கடையை மூட வேண்டும். 'இயன்றவரை' என்று சேர்த்தால் ஒப்புக்கொள்கிறோம்."

சபையே பெருமூச்சு விட்டது. எல்லாருக்கும் பசி. தலையாட்டினால் போதும், வாக்கியம் தப்பிவிடும், நான் ஜெயித்தவளாக ஊர் போகலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அது வேண்டாம். முடிஞ்சா பார்க்கிறேன்னுதான் நானும் சொன்னேன். சொல்லும்போதே முடியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "கடைக்காரங்க கஷ்டமும் புரியுது. பட்டியல் போடுறவளுக்கு வேண்டியது முன்கூட்டியே தெரியணும், அவ்வளவுதான். ஏழு நாள் முன்னாடி எழுதிக் கொடுத்தா ஆள் மாத்திப் போடலாம். மூணு பேர் கடையா இருந்தாலும் சரி, வாங்க, நான் போட்டுக் காட்டுறேன்."

மூன்று நொடி கழித்து அவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கேட்டான். "ஏழு போதாது. பத்து."

"பத்து!" என்றேன், எங்கே மனம் மாறிவிடுவானோ என்று.

"மறுப்பு உண்டா?" ஒரு பலகையும் நிமிரவில்லை. புதிய வரி திரையில் ஏறியது. அடைப்புக்குறிகள், முதலில் இடதுபக்கத்தது, பிறகு வலதுபக்கத்தது, காணாமல் போயின.

வக்கீல் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பதினாலு வந்துடுச்சாமே?"

"வந்துச்சு. போச்சு."

"போச்சா!"

"அடைப்பு போச்சு வக்கீலே. உட்காருங்க, தண்ணி குடிங்க."

இடைவேளையில் தங்கையைக் கூப்பிட்டேன். பட்டப்பெயரிலிருந்து மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன், சபையில் என்ன ஒப்புக்கொண்டேன் என்பதையும்.

"இந்தத் தாள் நம்ம ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்துமா அக்கா?"

"கட்டுப்படுத்தாது. ஆனா பட்டியல் என் கையிலதானே இருக்கு."

லைனைத் துண்டித்தாள். இரண்டு நிமிடத்தில் ஒரு படம் வந்தது: வெள்ளைத்தாளில் அவள் கையெழுத்தில் விடுப்பு விண்ணப்பம். விட்ட பரீட்சையை எழுத அடுத்த மாதம் ஒரு நாள். உடனே அவளே கூப்பிட்டாள்.

"பத்து நாள் என்ன, இருபத்து மூணு நாள் முன்னாடியே கொடுத்துட்டேன். சூப்பர்வைசர் குதிச்சா?"

"நான் பேசுறேன்."

"நீயா?"

"நானேதான்டி."

"சரி" என்றாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. "அவர் முன்னாடி போய் நின்னுட்டு 'நன்றி, ஒன்றுமில்லை'ன்னு திரும்பி வந்துடாதே."