கம்ப்யூட்டரில் ஏறிய வீடு

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சுவர்க் கடிகாரம் கம்ப்யூட்டருக்குள் போனது. நேரத்தில் சந்தேகமில்லை. திரையில் வந்து சேர்ந்தபோது அது அதைத்தான் காட்டியது, பிறகு நிற்காமல் ஓடத் தொடங்கியது. சுவரில் ஓர் ஆணியும் அழுக்குப் படியாத ஒரு வட்டமும் மிஞ்சின. எக்ஸ்ரேக்காரி கேமரா கேபிளைப் பிடுங்கினாள், மறுபடி செருகினாள், எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து அப்பா மணி என்ன என்று கேட்டார். அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தெருவில் அதுவே பெயராகிவிட்டது. அந்தக் கேமரா அவள் தம்பி அனுப்பியது. வெளிநாட்டில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராகப் போனவன், போனவன்தான். முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு காகிதம் சரியில்லை, அதற்குப் பிறகு ஊருக்கு வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம். வீடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லி, அங்கேயே வாங்கி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தான். அதில் இருந்ததெல்லாம் அந்த நாட்டு எழுத்து. கூட வந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தவர் முனைக்கடை ரிப்பேர்காரர். அவருக்கும் அந்த எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாக வந்து நின்றது. எதையாவது டிக் செய்தால்தான் நகரும் போலிருந்தது. ஒன்றை டிக் செய்தார், நகர்ந்தது. "இனிமே கேட்டா இடது பக்கத்துப் பட்டனை அழுத்துங்க. எந்த நாடா இருந்தாலும் 'ஆமா' இடது பக்கம்தான் இருக்கும்" என்றார்.

கடிகாரம் போன பிறகு அவள், ரிப்பேர்காரர் டிக் செய்த கட்டத்துக்கு எதிரில் இருந்த எழுத்துகளைத் தம்பிக்கு ஃபோனில் விவரித்தாள். ஒரு கூரை, அதன் கீழே கொக்கி, பக்கத்தில் ஏணி சாய்ந்த மாதிரி ஒன்று. தம்பி முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "அக்கா, அது காப்பி எடுக்கிறது இல்ல. எடுத்து உள்ள வெச்சுக்கோன்னு அர்த்தம். இனிமே எப்பவும் அப்படியேன்னு வேற போட்டிருக்கு." திரும்ப வெளியே எடுக்க வழி உண்டா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு கட்டமே அதில் கிடையாது என்றான். ரிப்பேர்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் அசரவில்லை. "வெளிநாட்டுச் சாமான் சொன்னதைச் செய்யும்மா. நம்ம சாமானா இருந்தா தப்பிச்சிருப்பீங்க." ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கேபிளைக் கையால் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கடிகாரத்தைத் தம்பிக்கு மெயிலில் அனுப்பினாள். அனுப்பியதும் அவள் திரையிலும் அது இல்லாமல் போனது. தம்பி தங்கியிருந்த அறையில், அவன் கம்ப்யூட்டரில், டிக் டிக் என்று ஓடியது. அந்தச் சத்தத்தில் தூங்கினேன் அக்கா, ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கினேன் என்றான். அவன் குரல் தெளிந்திருந்தது. அந்தக் குரலுக்காக அவள் தொடர்ந்து எடுத்தாள். அவனுடைய பழைய சைக்கிள், ஜன்னல் திரை, அம்மா இருந்தபோது வாங்கிய இரும்பு பீரோ. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைக் கேட்டான், அதையும் ஏற்றினாள். நகராட்சி ஆள் வந்து வெறும் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெட்டினதற்கான அடையாளம் இல்லாததால் அபராதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மரத்தோடு காகங்களும் போயிருந்தன. "வீட்டைக் காலி பண்றீங்களா?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டாள். தம்பிக்கு அனுப்புகிறேன் என்று இவள் சொல்ல, மறுமாதமே அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது.

அப்பா படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. விமானத்தில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள், தண்ணீர் கேட்கிற குரலில், "என்னையும் ஏத்தி விடேன்" என்றார். அவள் பார்க்கலாம்பா என்றாள். அவர் விடவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்காரவைத்து, தொழில் பழக்கத்தில், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லி எடுத்தாள். எடுத்ததும் கேமராவைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, கேபிள் கெட்டுப்போய்விட்டது என்றாள். அதன் பிறகு தினமும் காலையில், பல் தேய்த்ததும், "கேபிள் சரியாச்சா?" என்று கேட்பார். இல்லப்பா என்பாள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் இப்படிக் கழிந்தன. தம்பியும் கேட்டுக் கேட்டுக் குரல் மாறினான். அப்பாவை எனக்குக் காட்டக்கூட மனசு வரலையா என்றான். அப்பாவும் போய்விட்டால் இந்த வீட்டில் சாயங்காலம் யாரிடம் வாயைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தம்பியிடம் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவின் நெஞ்சை அவள்தான் எக்ஸ்ரே எடுத்தாள். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு எடுப்பதைப் போலவே எடுத்தாள். நுரையீரலில் நோயின் வெண்மை மேலே ஏறியிருந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, அதே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்பா."

"தனியா இருந்துப்பியா?"

"இருந்துப்பேன். நீங்க போய்ச் சேர்ற வழியைப் பாருங்க."

துணிகளுக்கு அடியிலிருந்த கேமராவை எடுத்து, கேபிளைச் செருகி, அன்றைக்கு எடுத்த படத்துக்கு இடது பட்டனை அழுத்தினாள். நாற்காலி இருந்த இடத்தில் அதன் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. திரையில் அப்பா நெஞ்சு விரிந்து, கன்னம் உப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் முகம் சிவந்துகொண்டே போனது. அப்போதுதான் நினைவு வந்தது: அன்றைக்கு எடுத்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "விடலாம்பா" என்றாள். அவர் விட்டார். வீசிங் இல்லை, இருமல் இல்லை. மூச்சு தண்ணீர் போல ஓடியது. அப்பா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, "இங்க ஒண்ணுமே இல்லையேம்மா. எல்லாம் அங்கதானே போயிருக்கு" என்றார். அன்று சாயங்காலமே அவள் அனுப்பிவைத்தாள்.

அப்பா அங்கே சௌக்கியமாக இருந்தார். கடிகாரத்துக்குக் கீழே, மரத்து நிழலில், நாற்காலியைச் சைக்கிள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தம்பியோடு தங்கியிருந்தவர்களும் அவரை அப்பா என்றே கூப்பிட்டார்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தால் அதட்டுகிறார் என்று தம்பி குறைப்பட்டுக்கொண்டான். அந்தக் குறையில் சந்தோஷம் வழிந்தது. அவள் வேலைக்குப் போய்வந்தாள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். வீட்டில் ஒரு பாயும் ஒரு தம்ளரும் கம்ப்யூட்டரும் இருந்தன. பேசினால் அறை திருப்பிப் பேசியது, அதனால் பேசுவதை விட்டாள்.

வருடங்கள் போயின. ஒரு விடுமுறை நாளில் கேமராவை ஜன்னல் மேடையில் வைத்து, தானாக எடுக்கும்படி அமைத்தாள். அதில் சிவப்பு விளக்கு சிமிட்டுவது மட்டும் அவளுக்குப் புரிந்த பாஷை. ஓடிப்போய்ச் சுவரில் அந்த வட்டத்துக்குக் கீழே நின்று மூச்சை இழுத்துப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெளிச்சம் வெட்டியது. படம் கேமராவுக்குள் நன்றாக விழுந்திருந்தது. கேபிளைச் செருகி, இடது பட்டன் வரை விரலைக் கொண்டுபோய், தன்னைத் தானே ஏற்றும் கை பாதியில் மறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, விரலை எடுத்துவிட்டாள். தம்பிக்கு ஃபோன் போட்டு, என் படமும் எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் காகங்கள் கத்துவது கேட்டது. அப்பா ஏதோ கேட்டார், தம்பி ஃபோனைப் பொத்திக்கொண்டு அவரிடம் பேசினான். பிறகு வந்தான்.

"அக்கா, அப்பா கேக்குறாரு. எல்லாம் சரி, உன் படத்தை ஏத்தி விட அங்க யாரு இருக்காங்கன்னு."