மேனேஜர் வாந்தி எடுத்தார்

ஒரே வாரத்தில் மறுபடியும் மேனேஜர் சோபாவின் மேல் வாந்தி எடுத்தபோது, தம்பி செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"கையைக் கீழ போடு."

மேனேஜர் என்பது பூனை. குட்டியாக வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு அறையாக நுழைந்து, மூலை முடுக்கெல்லாம் பார்வையிட்டு, எதிலும் திருப்தியில்லாமல் வெளியே வரும். அதனால் அந்தப் பட்டம். இப்போது வயது பதினான்கு. அக்கா ஜன்னல் திரைகள் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொன்னதுமில்லை. பெற்றவர்கள் விட்டுப்போன வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். தம்பி கெட்டவன் இல்லை. எதற்கும் சட்டென்று ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, அப்புறம் அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். உடம்பை நக்கி நக்கி முடியை முழுங்குது. வயசும் ஆச்சு. விடு."

"முடி வந்தா எனக்குத் தெரியாதா? இதுல ஒரு முடி கூட இல்ல, பாரு."

"அதை வேற நான் பாக்கணுமா?"

அவள் போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "கல்யாண வீட்டுல எடுக்கற மாதிரி நாலு பக்கமும் எடு!"

அவளை உறுத்தியது வாந்தி மட்டுமில்லை. மேனேஜர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. ஆனால் தூக்கினால் கையில் கனமே இல்லை. முதுகைத் தடவினால், திரையின் மடிப்புக்குள் ஓடும் கயிறு மாதிரி எலும்பு விரலில் தட்டியது. ஓரிடத்தில் உட்காரவில்லை. ஆளில்லாத அறைக்குள் போய்ச் சும்மா கத்தியது.

"நல்லாத்தானே சாப்பிடுது? நோய் வந்தா சாப்பிடுமா?" என்றான் தம்பி.

"சாப்பிடறது எங்க போகுதுன்னுதான் கேக்கறேன்."

மறுநாள் அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பூனையின் காதைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சுடுகிறது என்று முடிவுகட்டி, அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தான். அக்கா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

"நாம போட்டுக்கறதுதானே?"

"அது நாமளா? டாக்டர் சொல்லாம அதோட வாயில ஒண்ணும் போகாது."

நல்லது செய்யப் போய் அவமானப்பட்டதாக அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். விடுமுறை நாள் காலையில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்து நின்றான். கூட வேலை பார்ப்பவரின் சொந்தக்காரருக்கு ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் இருக்கிறதாம்.

"அங்க விட்டா எலி பிடிச்சு சாப்பிட்டு நிம்மதியா இருக்கும்."

"இதுக்குப் பாதிப் பல்லு இல்ல. எலிதான் இதைப் பிடிக்கும்." அக்கா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பெட்டி நல்லா இருக்கு." உள்ளே பழைய துண்டு ஒன்றை விரித்து, மேனேஜரை உட்கார வைத்து, செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"டாக்டர்கிட்ட."

"அப்ப நான் சொல்றதுக்கு இந்த வீட்ல மரியாதையே இல்லையா?"

"நீ சொன்னதைக் கேட்டேன். செய்யறேன்னு எப்ப சொன்னேன்?"

தெருமுனையில் பின்னாலிருந்து குரல் வந்தது. தம்பி மனைவி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். "அண்ணி, இருங்க. நீங்க வேலைக்குப் போனப்புறமும் வாந்தி எடுத்துச்சு. தினமும் எடுத்துச்சு. இவர் சத்தம் போடுவாரேன்னு துடைச்சுட்டுப் பேசாம இருந்துட்டேன். டாக்டர் கேட்டா யார் சொல்றது? நானும் வரேன்." பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வயிற்றை எக்கி எக்கி எடுக்கிறதா, சாப்பிட்டது அப்படியே சரிந்து விழுகிறதா என்று கேட்டார். ரத்தம் வந்ததா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்றும் கேட்டார். பாதிக்குத் தம்பி மனைவிதான் பதில் சொன்னாள். பூனையின் கழுத்தை விரலால் மெல்ல நீவியவர், ஓரிடத்தில் நிறுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை இருவரும் பெட்டியை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தைராய்டு. வண்டி நிக்குது, எஞ்சின் மட்டும் முழு வேகத்துல ஓடுது. அதான் எவ்வளவு தின்னாலும் இளைக்குது. தினமும் மாத்திரை குடுத்தா அடங்கும். சிறுநீரகத்தையும் அப்பப்ப பாத்துக்கணும்."

தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் காய்ச்சல் மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் நிமிர்ந்தார். "பூனைக்கு அது விஷம். உள்ள போயிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதே இல்ல." அவள் அண்ணியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்ல கேட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

வீட்டில் தம்பி வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அக்கா சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள், அவன் உடைத்த மாத்திரையைப் பற்றியும். அவன் முகம் வெளுத்தது.

"இந்த மருந்து எத்தனை நாளைக்கு?"

"அது இருக்கற வரைக்கும்."

"நடுவுல வாந்தி எடுத்தா?"

"துடைப்பேன். ரொம்ப எடுத்தாலோ, சாப்பிடாம கிடந்தாலோ அன்னிக்கே தூக்கிட்டு ஓடுவேன். உனக்குப் பொறுக்கலைன்னா அந்தத் தோட்டத்துல சோபாவுக்கு இடம் இருக்கான்னு கேளு."

தம்பி மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தம்பி எழுந்து உள்ளே போனான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வேறு முடிவு எதுவும் வரவில்லை.

வாந்தி ஒரேயடியாக நிற்கவில்லை, குறைந்தது. முதுகில் சதை மெல்லத் திரும்பியது. கத்தலும் அடங்கியது. அக்காவின் கைகளில் மட்டும் புதுசு புதுசாய்க் கீறல். ஒரு கிழட்டுப் பூனைக்காக இவ்வளவா என்று கடை முதலாளி கேட்டார். "ஆமா, இவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

இன்று காலை மேனேஜர் மாத்திரையைத் துப்பியது. ஈரமாக இருந்த அதைத் தரையிலிருந்து எடுத்து மறுபடி கொடுத்தாள். மறுபடி துப்பியது. கண்ணை இடுக்கி அவளையே முறைத்தது.

"முறைக்கறியா? முறை," என்றாள் அக்கா. இடது கையால் தலையைப் பின்னால் சாய்த்து, விரலால் வாயைத் திறந்தாள். "உனக்கு எவ்வளவு பிடிவாதமோ, அதுக்கு மேல எனக்கு இருக்கு."

தொண்டையைத் தடவிவிட்டாள். மேனேஜர் முழுங்கியது.